பழைய தரையின் மேல் புதிய தரை: டைல்ஸ் வாங்கும் முன் பதிக்கும் முறையை முடிவு செய்வது எப்படி?

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் நிறம் கேட்பார்கள், அளவு கேட்பார்கள், சதுர அடிக்கு எவ்வளவு வரை போகலாம் என்று கேட்பார்கள். அதை எப்படிப் பதிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மேஸ்திரியோ தமக்குப் பழகிய முறையில்தான் பதிப்பார். இருவருக்கும் நடுவில், வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய முடிவு யாராலும் எடுக்கப்படாமலேயே நழுவிவிடுகிறது. சென்னையில் மொசைக் தரை போட்ட பழைய அடுக்குமாடி வீடு ஒன்றைக் குடியிருந்துகொண்டே புதுப்பித்தபோது, ஆளுக்கொரு பேச்சைக் கேட்டு அலைந்து நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன். புது வீடு கட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் கருத்து ஒன்றுதான்: முறையை முதலில் முடிவு செய்யுங்கள், பொருளைப் பிறகு வாங்குங்கள். அடித்தரையின் நிலை, கிடைக்கும் உயரம், தாங்கும் பாரம், கையிலுள்ள நாட்கள் ஆகிய நான்கும் சேர்ந்து முறையைத் தீர்மானிக்கும். முறை தெரிந்துவிட்டால் எந்தப் பொருள், எந்தத் தடிமன் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

1. அடித்தரையைச் சோதியுங்கள்

பொறியாளர் வருவதற்கு முன்பே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நான்கு. ஒரு நாள் காத்திருக்க வேண்டிய ஈரச் சோதனை நீங்கலாக, மற்றவற்றுக்கு அரை நாள் போதும்.

முதலாவது, தட்டிப் பார்ப்பது. ரப்பர் சுத்தியலையோ ஒரு கனமான நாணயத்தையோ எடுத்துக்கொண்டு, அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மொசைக் கல்லையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டுங்கள். கெட்டியாகப் பதிந்த கல் குட்டையான, கனமான ஒலி தரும். அடியில் கலவை விட்டுப்போன கல் மண்பானையைத் தட்டினாற்போல் முழங்கும். முழங்கும் கற்களில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வாருங்கள். குறிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து, கலவையால் நிரப்பிச் சமன் செய்துகொள்ளலாம். ஐந்தில் ஒரு கல் முழங்கினாலோ, முழங்கும் கற்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தாலோ, பழைய தரையின் மேல் புதிய தரை போடும் எண்ணத்தை அந்த அறையைப் பொறுத்தவரை விட்டுவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

இரண்டாவது, மட்டம். 2 மீட்டர் நீளமுள்ள அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 மி.மீ. வரை இருந்தால் எந்த முறைக்கும் தடையில்லை. அதற்கு மேல் இருந்தால் சமன்படுத்தும் பூச்சு தேவைப்படும். 10 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால், பசையால் அதை நிரப்பிவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பசை ஒட்டுவதற்கானது, மேடு பள்ளத்தை நிரப்புவதற்கானது அன்று.

மூன்றாவது, ஈரம். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். ஒன்றரை அடிச் சதுரமாகக் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு விளிம்புகளையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் தெரிந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அதன் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் பணம் வீண்.

நான்காவது, மெழுகு. மொசைக் தரைக்குப் பல ஆண்டுகளாக மெழுகும் பாலிஷும் போட்டிருப்பார்கள். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு முத்துப்போல் நின்றால் பசையும் அதன் மேல் பிடிக்காது. அரைக்கும் இயந்திரத்தால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தூசியை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். உளியால் ஆங்காங்கே கொத்திவிட்டால் போதும் என்பது பழைய வழக்கம். கொத்திய குழிகளுக்கு நடுவிலுள்ள மெழுகு அப்படியேதான் இருக்கும்.

2. உயரக் கணக்கைப் போடுங்கள்

9 மி.மீ. டைலும் அடியில் 4 மி.மீ. பசையும் சேர்ந்தால் தரை 13 மி.மீ., அதாவது ஏறத்தாழ அரை அங்குலம் உயரும். கேட்பதற்குச் சிறியது, வீட்டில் இது இடிக்கும் இடங்கள் பல. ஒவ்வொரு கதவையும் முழுவதும் திறந்து, அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மரக் கதவை அடியில் இழைத்துக்கொள்ளலாம். குளியலறையின் பி.வி.சி. கதவு உள்ளே கூடானது. அடியை வெட்டினால் அந்த வாய் திறந்துகொள்ளும். இரும்புக் கிரில் கதவுக்கு வெல்டர் வர வேண்டும். சுவர் அலமாரிகளின் கீழ்க் கதவுகள், சமையல் மேடைக்கு அடியில் அளவெடுத்துச் செருகிய பாத்திரம் கழுவும் இயந்திரம், பால்கனிக் கண்ணாடிக் கதவின் தண்டவாளம் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

குளியலறைத் தரை எப்போதும் கூடத்தை விடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். கூடம் உயர்ந்தால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் பால்கனியை மட்டும் உயர்த்திவிட்டு உள்ளறையை அப்படியே விட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். தனி வீடாக இருந்து உள்ளே படிக்கட்டும் இருந்தால் இன்னொரு கவனம் தேவை: தரை உயரும்போது முதல் படியின் உயரம் குறையும், மேல்தளத்தில் கடைசிப் படியின் உயரம் கூடும். கால் பழகிய உயரம் மாறினால் பெரியவர்கள் தடுக்கி விழுவது எளிது.

3. நான்கு முறைகளில் உங்களுக்கு உரியது எது?

*சிமெண்ட் கலவையில் நேரடியாகப் பதித்தல்.* நம் ஊரில் பெரும்பாலான மேஸ்திரிகளுக்குக் கை வந்த முறை இது. ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் கலந்து 40 முதல் 50 மி.மீ. தடிமனுக்குப் பரப்பி, மேலே சிமெண்ட் கூழ் ஊற்றி, கல்லை வைத்துத் தட்டி மட்டம் பார்ப்பார்கள். தடிமன் ஒரே சீராக இல்லாத கிரானைட், கடப்பா, கோட்டா கற்களுக்கும் ஆத்தங்குடி டைல்ஸுக்கும் இதுவே பொருத்தம். குளியலறை, பால்கனி, மொட்டைமாடி போன்ற இடங்களில் தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்கவும் கலவையால்தான் முடியும்.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு வரும்போதுதான் இம்முறை காலை வாரிவிடுகிறது. அவ்வகை டைல் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் கூழ் பிடிப்பதற்குக் கல்லின் முதுகில் நுண்துளைகள் வேண்டும்; இதில் அவை இல்லை. பதித்த அன்று எல்லாம் நன்றாகவே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து ஒரு கோடை மதியத்தில் கூடத்தின் நடுவில் இரண்டு டைல்கள் கூரைபோல் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிப்பு இல்லாததும், டைல்களை இடைவெளி விடாமல் நெருக்கிப் பதிப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெப்பத்தில் டைல் விரிகிறது, அடியிலுள்ள கான்கிரீட் காலப்போக்கில் சற்றுச் சுருங்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட வரிசைக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

*பூச்சு போட்டு, அதன் மேல் பசையில் ஒட்டுதல்.* புது வீட்டுக்கு என் பரிந்துரை இதுவே. கலவையை மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, ஒரு வாரம் நீராற்றி இறுக விட்டு, பிறகு 3 முதல் 6 மி.மீ. பசையில் டைல்ஸை ஒட்ட வேண்டும். வாட்டமும் மட்டமும் பூச்சிலேயே முடிந்துவிடுவதால், ஒட்டும் வேலை சீராகவும் வேகமாகவும் நடக்கும். பழைய தரையை உடைத்தெடுத்த வீட்டுக்கும் இது பொருந்தும். குறை என்னவென்றால் ஒரே வேலையை இரண்டு கட்டமாகச் செய்வதாக மேஸ்திரிக்குத் தோன்றும். கூலியையும் அப்படித்தான் கேட்பார்.

*பழைய தரையின் மேல் பசையில் ஒட்டுதல்.* முதற்படியின் சோதனைகளில் உங்கள் தரை தேறியிருந்தால், குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. உடைப்பு இல்லை, கீழ்வீட்டுக்காரரின் கூரைப் பூச்சு உதிராது, மாடியேற்ற வேண்டிய மணல் இல்லை. எதையெல்லாம் மிச்சப்படுத்துகிறது என்பதைக் கணக்காகவே பாருங்கள். 500 சதுர அடிப் பரப்பில் மொசைக் கல்லும் அடிக்கலவையும் சேர்ந்து 7 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், உடைத்து இறக்க வேண்டிய கழிவு ஆறேழு டன் வரும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அத்தனையும் சாக்குமூட்டைகளாகப் படிக்கட்டு வழியே தலைச்சுமையாகத்தான் இறங்கும். குளியலறையில் மட்டும் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய தரையின் அடியில் நீர்த்தடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே உடைத்து, நீர்த்தடுப்பைப் புதிதாகச் செய்து, 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ் போட வேண்டும்.

*ஒட்டாமல் பூட்டும் பலகைகள்.* எஸ்.பி.சி. என்று விற்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்ந்த 4 முதல் 6 மி.மீ. பலகைகளும், மரநார் அழுத்திய லேமினேட் பலகைகளும் இவ்வகை. தரையில் ஒட்டாமல், ஒன்றோடொன்று விளிம்பில் பூட்டிக்கொண்டு விரிப்புபோல் கிடக்கும். இரண்டே நாளில் ஓர் அறை முடிந்துவிடும். வேண்டாமென்றால் கழற்றியும் எடுக்கலாம். படுக்கையறைக்கு நல்ல தேர்வு. ஆனால் தரை மட்டத்தில் இவை சற்றும் விட்டுக்கொடுக்காது. அடியில் பள்ளம் இருந்தால் நடக்கும்போது பலகை அமுங்கி எழும்; சில மாதங்களில் பூட்டு முறியும். சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரின் அடியில் ஓடும் பட்டையான ஸ்கர்டிங்கால் மறைக்க வேண்டும். தரையோடு ஆணியடித்த அலமாரிகளுக்கு அடியில் பலகைகளைச் செலுத்தினால் அவை நகர முடியாமல் வெயிலில் புடைத்துக்கொள்ளும். மேற்கு வெயில் நேரே விழும் கண்ணாடிக் கதவருகே எஸ்.பி.சி. போடுவதாக இருந்தால் திரைச்சீலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

லேமினேட்டின் உட்பகுதி மரநார் என்பதால் தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும், கரையானுக்கும் ஆகாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எஸ்.பி.சி. நனைந்தால் கெடாது என்பது உண்மை. ஆனால் பலகைக்கு அடியில் புகுந்த வெள்ளநீரை வெளியேற்ற முழுத் தரையையும் கழற்றியாக வேண்டும். விற்பவர் முதற்பாதியை மட்டும் சொல்வார்.

4. பாரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்

மாடி வீட்டுக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. தளத்தை வடிவமைக்கும்போது தரைப்பூச்சுக்கென்று பொறியாளர்கள் வழக்கமாக ஒதுக்குவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. பழைய மொசைக்கும் அதன் கலவையுமே அதை முழுவதும் எடுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் பசையும் டைலும் சேர்ந்து 25 முதல் 30 கிலோ கூடும். எஸ்.பி.சி. என்றால் 10 கிலோ அளவில் முடிந்துவிடும். ஆனால் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே இரண்டு அங்குலம் கலவை போட்டு டைல் பதித்தால் 120 கிலோவுக்கு மேல் ஏறும். ‘உடைக்க வேண்டாம் சார், மேலேயே கலவை போட்டுடலாம்’ என்று ஒரு மேஸ்திரி என்னிடமும் சொன்னார். அந்த யோசனையை எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கட்டடம் மிகப் பழையதாகவோ, கூரைக் கம்பிகள் துருவேறிக் கான்கிரீட் உதிர்ந்துகொண்டோ இருந்தால், 25 கிலோ கூட்டுவதற்கு முன்பும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பசையின் வகையைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

டைல் பசைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477. அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு பசைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வீட்டு வேலைக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவே: முதல் வகை, உட்புறத் தரையில் சாதாரண செராமிக் டைல்ஸுக்கு, இரண்டாம் வகை, உட்புற விட்ரிஃபைட் டைல்ஸுக்கு, மூன்றாம் வகை, வெளிப்புறத்துக்கும் கற்களுக்கும். பழைய தரையின் மேல் ஒட்டுவதற்கு இரண்டாம் வகைக்குக் குறைந்து போகக் கூடாது. நான்கடிக்கு இரண்டடி போன்ற பெரிய டைலாக இருந்தால் மூன்றாம் வகைக்குப் போங்கள். மூட்டையில் ‘பழைய டைல் மேல் ஒட்டலாம்’ என்று உற்பத்தியாளரே அச்சிட்டிருக்கிறாரா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். ஓராண்டு தாண்டிய மூட்டை வேண்டாம்.

பொதுவாக நடக்கும் ஏமாற்று, முதல் வகை மூட்டையை இறக்கிவிட்டு இரண்டாம் வகைக்குப் பணம் வாங்குவது. இன்னொன்று, பசையோடு சிமெண்ட்டையோ மணலையோ கலந்து ‘பெருக்குவது’. மூட்டைகளை நீங்களே வாங்கி, காலி மூட்டைகளை வேலை முடியும் வரை எண்ணி வைத்திருந்தால் இரண்டுக்கும் இடமில்லை.

6. செலவை மூட்டைக் கணக்கில் பார்க்காதீர்கள், சதுர அடிக் கணக்கில் பாருங்கள்

பசை விலை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். 20 கிலோ மூட்டையின் விலையை 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். 500 சதுர அடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலக் கலவைக்கு, ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில், சிமெண்ட் 15 மூட்டையும் மணல் ஒரு யூனிட் (100 கன அடி) அளவும் தேவைப்படும். நான் விலைப்புள்ளி வாங்கியபோது இது மணலேற்றும் கூலி நீங்கலாகவே சதுர அடிக்கு 20 ரூபாயைத் தாண்டியது. பசையோ 3 மி.மீ. தடிமனில் மூட்டைக்கு 45 முதல் 55 சதுர அடி வரை வரும். டைலின் முதுகிலும் பூச வேண்டிய பெரிய அளவென்றால் 35 அடிக்கு இறங்கும். அந்தக் கணக்கில் 10 முதல் 15 மூட்டை. சதுர அடிக்கு 15 முதல் 20 ரூபாய்க்குள் அடங்கியது. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. மட்டம் சரியில்லாத தரையில் பசை இரட்டிப்பாகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கூலி வேறு. கலவை முறைக்கு சதுர அடிக்கு 30 முதல் 40 ரூபாயும், பசை முறைக்கு 35 முதல் 50 ரூபாயும் எனக்குச் சொன்னார்கள். பெரிய டைலுக்குக் கூடுதல். பழைய தரையை உடைப்பது, கழிவை இறக்குவது, வண்டி வாடகை ஆகிய மூன்றும் தனித்தனி. ஸ்கர்டிங் ஓட்ட அடியில், அதாவது நீளத்தை வைத்துக் கணக்கிடப்படும் என்பதால் அது ஒரு மறைமுகச் செலவு. இவற்றையெல்லாம் கூட்டினால், உடைத்துப் போடும் முறை பழைய தரையின் மேல் ஒட்டும் முறையை விடக் கணிசமாக விலை கூடியதாகவே முடியும்.

டைல்ஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ‘இரண்டுக்கு இரண்டு’ என்று சொல்லப்படும் டைலின் உண்மையான அளவு 600 மி.மீ.; நான்கு டைல் கொண்ட பெட்டி 16 சதுர அடி அன்று, பதினைந்தரை. 500 சதுர அடிக்கு வெட்டுக்கழிவு எட்டு விழுக்காடு சேர்த்தால் 35 பெட்டி வேண்டும். சொல்லும் விலையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடக்கமா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

7. காலத்தை முறைக்கேற்ப ஒதுக்குங்கள்

உடைத்து, கழிவை இறக்கி, பூச்சு போட்டு, நீராற்றி, டைல் ஒட்டி முடிக்க, ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு மூன்று வாரம் பிடிக்கும். அதற்கு வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தரையின் மேல் ஒட்டுவதானால் அறை அறையாகச் சாமான்களை நகர்த்திக்கொண்டு ஒரு வாரம் முதல் பத்து நாளில் முடிக்கலாம். ஒட்டிய அறையில் 24 மணி நேரம் கால் வைக்கக் கூடாது. பீரோ, கட்டில் போன்ற கனமானவற்றை ஒரு வாரம் கழித்து ஏற்றுங்கள். எஸ்.பி.சி. பலகைகளைப் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே பெட்டியோடு அந்த அறையில் படுக்கை வசமாக அடுக்கி வைக்க வேண்டும். அறையின் வெப்பத்துக்கு அவை பழக வேண்டும்.

மாதமும் முக்கியம். ஆவணியிலும் தையிலும் கிரகப்பிரவேசங்கள் குவிவதால் அதற்கு முந்தைய வாரங்களில் நல்ல கைகாரர் கிடைப்பது அரிது. ஆடித் தொடக்கத்தில் சற்று ஓய்வாக இருப்பார்கள், பேரமும் படியும். டைல் பதிக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பால்கனி வேலையைத் தவிர்த்துவிடுங்கள்.

8. கையெழுத்தாக வாங்க வேண்டியவை

குடியிருப்போர் சங்கத்தின் அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். வேலை நேரம், லிஃப்டில் பொருள் ஏற்றலாமா, வைப்புத்தொகை எவ்வளவு, கழிவை எங்கே வைக்கலாம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இடிபாட்டுக் கழிவைத் தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் விதிக்கும். வண்டிக்காரர் கொட்டினாலும் கேள்வி உங்களைத்தான் தேடி வரும். எனவே எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியின் விலைப்புள்ளி ஒரு வரியில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிக்கும் முறை, பூச்சின் தடிமன், பசையின் வகை, டைல்களுக்கு நடுவே எத்தனை மி.மீ. இடைவெளி, அந்த இடைவெளியை நிரப்பும் க்ரவுட் சாதாரண சிமெண்ட் வகையா எபாக்ஸிப் பிசின் வகையா, அளவு சுவருக்குச் சுவரா அல்லது வாங்கிய டைல் கணக்கிலா, கதவு இழைக்கும் பொறுப்பு யாருடையது, மாடியேற்றும் கூலி யார் தலையில் என்ற எட்டும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான்.

டைல்ஸ் பில்லில் பெயரும் அளவும் மட்டும் போதாது. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் நிறக் குறியீடும் பதிவாக வேண்டும். இரண்டு பேட்ச்கள் கலந்தால் ஒரே பெயருள்ள டைலில் நிறமும் வேறுபடும், அளவும் அரை மி.மீ. வேறுபடும், கோடு நேராக ஓடாது. எல்லாப் பெட்டிகளும் வந்திறங்கியதும், உள்ளே எடுத்து அடுக்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பில்லின் பின்புறமாவது எழுதி வாங்குங்கள். எஸ்.பி.சி. என்றால் உத்தரவாத அட்டையின் நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன் படியுங்கள். மட்டம் சரியில்லாத தரைக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரி அநேகமாக அதில் இருக்கும்.

9. வேலை நடக்கும்போது நின்று பார்க்க வேண்டியவை

நாள் முழுவதும் நிற்கத் தேவையில்லை. முதல் அறையின் முதல் மணி நேரம் மட்டும் இருந்தால் போதும்.

பசையைப் பல் வைத்த கரண்டியால் தரை முழுவதும் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து டைலை அமுக்குவது பலருக்கும் பழக்கம். உருண்டைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில்தான் பின்னாளில் நாற்காலிக் கால் பட்டு டைல் உடையும். ஒட்டியவுடன் ஒரு டைலை நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். கோடுகள் நசுங்கிப் பசை டைலின் முதுகு முழுவதும் சாம்பல் நிறமாகப் படிந்திருக்க வேண்டும். கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தாலோ, முதுகில் பாதி பளிச்சென்று வெறுமையாக இருந்தாலோ, கரண்டியின் பல் போதவில்லை, அல்லது தரையில் இழுத்த பசை காய்ந்துவிட்டது. இழுத்த பசையின் மேல் இருபது நிமிடத்துக்குள் டைலை வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறி சுற்றும் அறையில், அந்த நேரம் இன்னும் குறையும். மேஸ்திரி முகம் சுளிக்கத்தான் செய்வார். முதல் டைலில் செய்தால் அடுத்த இருநூறு டைலும் ஒழுங்காக ஒட்டும்.

டைல்களுக்கு நடுவே குறைந்தது 2 மி.மீ. ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு நெருக்கிப் பதிப்பதுதான் அழகு என்று கடையிலும் சொல்வார்கள், மேஸ்திரியும் சொல்வார், வீட்டிலும் அதையே விரும்புவார்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சுவரோரமும் 6 மி.மீ. அளவுக்கு விட்டு, அங்கே சிமெண்ட் நிரப்பாமல் ஸ்கர்டிங்கால் மூடச் சொல்லுங்கள். பசையில் ஒட்டிய தரைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பழக்க தோஷத்தில் மறுநாள் காலை வாளியோடு வருவார்கள், தடுத்துவிடுங்கள்.

இடைவெளியை மறுநாள் நிரப்பலாம். எபாக்ஸி க்ரவுட் கறை பிடிக்காது. சமையலறைக்கும் குளியலறைக்கும் அதற்குக் கொடுக்கும் பணம் தகும். ஆனால் டைலின் மேல் வழிந்ததை அரைமணி நேரத்துக்குள் துடைத்தெடுக்காவிட்டால் மங்கலான படலம் நிரந்தரமாக நின்றுவிடும். ஓர் அறைக்குத் தேவையானதை மொத்தமாகக் கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள்.

10. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்

கூலியில் பத்து விழுக்காட்டை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல்தான் வரும். க்ரவுட் போட்டு ஒரு வாரம் ஆனதும், முதற்படியில் செய்ததுபோலவே ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். முழங்கும் டைல்களை அப்போதே மாற்றித் தரச் சொல்வது எளிது. பசையும் கையில் இருக்கும், அதே பேட்ச் டைலும் இருக்கும். டார்ச் விளக்கைத் தரையோடு படுக்க வைத்து வெளிச்சம் பாய்ச்சினால், உயர்ந்து நிற்கும் விளிம்புகள் நிழலாகத் தெரியும். எல்லாக் கதவுகளையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். குளியலறை, பால்கனித் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எங்கும் தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மிச்சமான டைல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பெட்டியை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். பரண் மேல் கிடக்கட்டும்.